சிரிப்புப் பெட்டியும் சிநேகிதமும்

தொலைக்காட்சியில் வரும் ஹாஸ்யத் தொடர்களைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால், "ஊரில் எழுதுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா? ஜனங்கள் உழைத்துக் களைத்து வந்து அரைமணி நேரம் சிரிப்பதையும் கெடுக்க வேண்டுமா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். சிரிப்பு கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. சிரிப்புக்கு இந்நாட்டில் விரோதிகள் யாரென்றால், கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளும் சாமிகளும், அச்சாமிகளின் பேரால் கோபித்துக்கொள்ளும் ஆசாமிகளுமே ஆவார்கள். நாம் கேட்பதெல்லாம், நாம் சிரிக்கின்ற சிரிப்பு நம்முடையதுதானா என்பதும், அது யாரைப் பார்த்துச் சிரிக்கின்ற சிரிப்பு என்பதுமேயாகும்.

முதலில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்போம். தொடரில் ஒருவர் ஏதோ ஒரு வார்த்தை சொன்னதும், கண்ணுக்குத் தெரியாத நூறு பேர் கொல்லென்று சிரிக்கும் சத்தம் கேட்கின்றதல்லவா? அந்த நூறு பேரும் அங்கே இல்லை. 1950-ல் அமெரிக்காவில் ஹாங்க் மெக்கியூன் என்பவருடைய தொலைக்காட்சித் தொடரில் இந்தப் பதிவு செய்த சிரிப்பைச் சேர்த்தார்கள். பிறகு சார்லஸ் டக்ளஸ் என்கிற ஒலிப்பதிவு என்ஜினீயர் இதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். அதில் ஹார்மோனியத்தைப் போல் கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் ஆண்கள் சிரிப்பார்கள்; மற்றொன்றை அழுத்தினால் பெண்கள் சிரிப்பார்கள்; இன்னொன்றில் அடக்கிச் சிரிக்கும் சிரிப்பு; வேறொன்றில் வயிறு குலுங்கச் சிரிக்கும் சிரிப்பு. எந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் என்பதைக் காலால் மிதித்து அளக்கலாம். டக்ளஸ் இந்தப் பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தாராம். ஸ்டூடியோக்காரர்கள் கூட உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்க்க முடியாதாம். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது, பார்க்கவும் கூடாது, ஆனால் சத்தம் கேட்டவுடன் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்கிற இந்த ஏற்பாடு நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. மணி அடித்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு பழகியவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டால் சிரிப்பதா பிரமாதம்? எப்பொழுதோ, எங்கேயோ, எதற்காகவோ சிரித்த மனிதர்களின் சிரிப்பு, அவர்கள் செத்த பிறகும் வேறொரு நாட்டில், வேறொரு பாஷையில், வேறொரு விஷயத்துக்கு உபயோகமாகி வருகின்றது. மறுஜன்மம் என்று ஒன்று உண்டென்றால் இது ஒன்றைத்தான் நாம் ஒப்புக்கொள்ளக் கூடும்.

நிற்க, பெட்டியை விட்டுவிட்டுக் கதைக்கு வருவோம்.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகின்ற சாலையில் கள்ளிக்குப்பம் என்று ஓர் ஊர். 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர். பக்கத்தில் 1964-ல் ஏற்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை. பல ஜில்லாக்களிலிருந்து பிழைக்க வந்த வாலிபர்கள் நாலு பேர், ஐந்து பேராக ஓர் அறையில் சேர்ந்து வாடகைக்கு இருந்துகொண்டு பேட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஷிப்டு முடிந்து வந்தவுடன் பாயில் படுத்துக்கொண்டு ஒரே செல்பேசியை இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களில் இங்கிலீஷ் பழக வேண்டும் என்று நினைப்பவர்கள் பார்ப்பது 'ஃபிரெண்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடர். 1994 செப்டம்பரில் தொடங்கி 2004 மே மாதத்தில் முடிந்து, மொத்தம் 236 பாகங்கள் வந்தது. (இதைப் பெரும்பாலும் நிஜமான ஜனங்களை எதிரில் உட்கார வைத்தே எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்; இல்லாத பழியை யார் மேலும் போடுவதில் நமக்குப் பிரியமில்லை.)

நியூயார்க் பட்டணத்தில் ஆறு சிநேகிதர்கள். மூன்று ஆண், மூன்று பெண். இவர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுவதும், ஒருவருடைய வீட்டில் ஒருவர் அனுமதி கேட்காமல் நுழைந்து தின்பதும், காதலிப்பதும், பிரிவதும், மறுபடி சேருவதும்தான் கதை. ஆணும் பெண்ணும் சிநேகிதமாய் இருக்கலாம், ஜாதகமும் தரகரும் இல்லாமலேயே அவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே கெடுத்துக்கொள்ளவும் திருத்திக்கொள்ளவும் கூடும் என்பதை நமது வாலிபர்கள் இதில் பார்க்கிறார்கள். இது நல்லதுதான். ஆனால் சமையல் வேலை பார்க்கின்ற ஒரு பெண் அவ்வளவு பெரிய வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், பாட்டி காலத்து வாடகை என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். அதுவும் போகட்டும். வெள்ளையரும், கறுப்பரும், சீனரும், தென்னமெரிக்கரும், நம்மவரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் நியூயார்க்கில், இந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் கறுப்பரில்லை! இதற்கு ஒரு வருஷம் முந்தியே, 1993-ல், அதே வார்னர் கம்பெனி தயாரித்து 'லிவிங் சிங்கிள்' என்று ஒரு தொடர் வந்தது. அதிலும் நியூயார்க்தான், அதிலும் ஆறு சிநேகிதர்கள்தான். ஆனால் அவர்கள் கறுப்பர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சேரி தனியாகவும் ஊர் தனியாகவுமே இருந்திருக்கின்றது. 'ஃபிரெண்ட்ஸ்' தொடரை உண்டாக்கியவர்களில் ஒருவரான மார்த்தா காஃப்மன் என்னும் அம்மையார் 2022-ல், தாம் செய்தது சரியல்ல என்று சொல்லி, ஆப்பிரிக்க-அமெரிக்கப் படிப்புக்காக ஒரு சர்வகலாசாலைக்கு 40 லட்சம் டாலர் கொடுத்தார். தொடர் முடிந்து 18 வருஷத்துக்குப் பிறகு வந்த வெட்கமானாலும், வெட்கம் வெட்கந்தான். நம் நாட்டில் அந்த வெட்கத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் செல்லுமோ நாமறியோம்.

ஏனெனில் நம்முடைய சங்கதி இதைவிட மோசமானது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கிற்று. அதற்கு ஹாஸ்யம் வேண்டியிருந்தபொழுது சபாக்களில் நடந்து வந்த நாடகங்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அந்த மேடையில் சிநேகிதத்துக்குப் பேர் போனவர்கள் மாதுவும் சீனுவும். இவர்களை உண்டாக்கிய கிரேஸி மோகன் 2019-ல் காலமானார். அவருடைய வார்த்தை விளையாட்டை நாமும் ரசித்ததுண்டு; அதில் யாரையும் வதைக்கின்ற சிரிப்பு அதிகமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். அவர் என்ஜினீயர் பரீட்சை தேறி, சுந்தரம் கிளேட்டன் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். அக்கம்பெனியின் தொழிற்சாலை இருந்ததோ இந்த அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடியில். அப்படியிருந்தும் மாதுவின் வீட்டுக் கூடத்திற்குள் பாடியிலிருந்தோ, கொரட்டூரிலிருந்தோ, கள்ளிக்குப்பத்திலிருந்தோ ஒரு பிட்டரோ டர்னரோ சிநேகிதன் என்ற உரிமையோடு நுழைந்து உட்கார்ந்து காப்பி கேட்டதை நாம் பார்த்ததில்லை. மாதுவுக்குச் சிநேகிதன் சீனு. சீனுவுக்குச் சிநேகிதன் மாது. எல்லாம் ஒரே தெரு.

பிறகு 1993-ல் சன் டிவி வந்தது, மற்றவைகளும் வந்தன, 2006-க்குப் பிறகு அரசாங்கமே இலவசமாகக் கலர் டிவி கொடுத்ததால் குடிசைக்குள்ளும் பெட்டி புகுந்தது. விஜய் டிவியில் 2003 முதல் வந்த 'லொள்ளு சபா' சினிமாக் கதாநாயகர்களின் டம்பத்தைக் கிழித்து வேடிக்கை செய்தது. சினிமாக்காரர்களைத் தெய்வமாக்கி அவர்கள் படத்துக்குப் பாலூற்றுகின்ற நாட்டில் அதையொரு தொண்டென்றே சொல்லுவோம். ஆனால் பொதுவாக நமது ஹாஸ்ய மேடைகளில் சிரிப்புக்கு இலக்கானவர்கள் யார்? கறுப்பு நிறமுள்ளவன், பருத்த பெண், திக்குவாய்க்காரன், வழுக்கைத் தலையன், மனைவி என்கிற ஜீவன், சேலை கட்டிக்கொண்டு வருகின்ற ஆண். இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கென்று ஒரு நல வாரியம் 2008-ல் தமிழ்நாட்டில்தான் ஏற்பட்டது. அதே வருஷம் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' என்று ஒரு திருநங்கையே நிகழ்ச்சி நடத்தினார். இவ்வளவும் நடந்த பிறகும், ஓர் ஆண் உதட்டில் சாயம் பூசிச் சேலை கட்டிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டால், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நடுவர்கள் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பதேன் என்று கேட்கிறோம். பெட்டியில் கட்டையை அழுத்தியது போலத்தானே இதுவும்?

சினிமா ஹாஸ்யத்தைத் துண்டு துண்டாக வெட்டி நாள் பூராவும் போடுவதற்கென்றே தனி சானல்களும் இருக்கின்றன. அவற்றில் சிநேகிதம் என்றால் ஒருவன் உதைப்பான், மற்றவன் உதைபடுவான். உதைபடுகிறவன் பெரும்பாலும் கறுப்பாகவோ குட்டையாகவோ இருப்பான். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இப்பொழுது அன்றாட வாழ்வின் அபத்தங்களைப் பார்ப்போம். இத்தொடர்களின் விஷயமே அதுதான் என்கிறார்கள். நல்லது, கள்ளிக்குப்பத்தில் அபத்தத்திற்குப் பஞ்சமா? நம் வாலிபர்கள் இருவர், ஒரே மெஷின்பக்கம் வேலை செய்து, ஒரே டிபன் பாக்ஸில் தின்று, ஒருவன் சட்டையை ஒருவன் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள், மாடிப் பகுதி ஒன்றை வாடகைக்குக் கேட்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கின்ற சம்பாஷணை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

வீட்டுக்காரர்: தம்பிக்கு எந்த ஊரு?

வந்தவர்: விழுப்புரம் பக்கம், சார்.

வீட்டுக்காரர்: விழுப்புரத்துல எந்தப் பக்கம்?

வந்தவர்: ஒரு கிராமம், சார்.

வீட்டுக்காரர்: கிராமத்துல எந்தத் தெரு?

வந்தவர்: நாங்க இந்த மாடியைத்தான் சார் கேட்டு வந்தோம்.

வீட்டுக்காரர்: அது சரி தம்பி. என்ன சாமி கும்பிடுவீங்க?

வந்தவர்: வாடகை அஞ்சாந் தேதிக்குள்ள குடுத்துடுவோம், சார்.

வீட்டுக்காரர்: கறி, மீன் சாப்பிடுவீங்களோ?

வந்தவர்: நீங்க, சார்?

வீட்டுக்காரர்: நாங்க சாப்பிடுவோம். அது வேற. குடிவர்றவங்க சைவமா இருந்தா வீடு சுத்தமா இருக்கும் பாருங்க.

இதைவிட ஹாஸ்யம் வேண்டுமா? 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் ஆயிற்று. அதன் பயனாகத் தமிழ்நாட்டில் இன்று ஒருவன் பேரைக் கேட்டு ஜாதியைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. வால் போய்விட்டது. வாலைக் காணாமல் அந்த வீட்டுக்காரர் படுகின்ற அவஸ்தை இருக்கின்றதே, ஊர், பேட்டை, தெரு, சாமி, சாப்பாடு என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்கின்ற அந்தப் பரிதாபம் இருக்கின்றதே, அதை ஒரு நல்ல நடிகர் நடித்தால் சிரிப்புப் பெட்டியே வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றது. வீட்டுக்காரர் இரண்டு பேரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க வேணா வாங்க தம்பி, உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்கிறார். இந்த ஒருவர் என்ன செய்யப் போகிறார்? டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்ட சிநேகிதம் இப்பொழுது என்ன செய்யும்? 236 பாகங்களில் ஆறு சிநேகிதர்களுக்கும் வராத சோதனை, மாதுவுக்கும் சீனுவுக்கும் வராத சோதனை, கள்ளிக்குப்பத்து மாடிப்படியில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகின்றது. நாம் அறிந்த வரையில் அநேகர் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளுகிறார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பழைய சிநேகிதனைக் கூப்பிட்டு, கடையில் வைத்து பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லுவதில்லை. சிலர், மிகச் சிலர், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வருகிறார்கள். இந்த இருவகைச் சிநேகிதர்களில் ஒருவனையாவது நமது தொடர்காரர்கள் இதுவரை சரியாகக் காட்டவில்லை.

"ஜாதியைத் தொட்டால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்கள், சண்டை வரும்" என்று இவர்கள் ஆட்சேபணை சொல்லுவார்கள். ஜனங்கள் பேரில் பழி போடுவது சுலபம். 1949-ல் தோழர் அண்ணாதுரை எழுதி வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நந்தன் கதையைக் கிந்தன் கதையாக்கிக் காலட்சேபம் செய்தார். நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான். கிந்தனோ பட்டணத்துக்குப் போய்ப் படிக்க ஏங்கினான். ஜனங்கள் கல்லெறியவில்லை, சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே யோசித்தார்கள். 2021-ல் மறைந்த நடிகர் விவேக், லாரியில் தொங்குகின்ற எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் செய்த கேலிக்கு லாரிக்காரர்களே சிரித்தார்கள். ஆகவே பயம் ஜனங்களுக்கு அல்ல. விளம்பரம் கொடுக்கிறவனைப் பார்த்துப் பெட்டி நடத்துகிறவனுக்குத்தான் பயம்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். 1971-ல் அமெரிக்காவில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்று ஒரு ஹாஸ்யத் தொடர் வந்தது. அதில் ஆர்ச்சி பங்கர் என்கிற ஒரு கிழவனார் கறுப்பரையும் யூதரையும் பெண்களையும் வாய்க்கு வந்தபடி பேசி, ஒவ்வொரு வாரமும் முட்டாளாவார். நிறவெறி சிரிப்புக்கிடமாகிவிடும் என்று எடுத்தவர்கள் நினைத்தார்கள். 1974-ல் விட்மார், ரோக்கீச் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் விசாரித்துப் பார்த்தபொழுது, வெறுப்புள்ளவர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே எண்ணி, அவன்தான் ஜெயிக்கிறான் என்று சந்தோஷப்பட்டது தெரிய வந்தது. ஆகவே வீட்டுக்காரரைக் கோமாளியாக்கிவிட்டால் மட்டும் போதாது. அவரைப் பார்த்து, "ஆமாம், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கின்றது" என்று சிரிக்கிற வீட்டுக்காரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கின்ற சிநேகிதனும் அந்தக் கதையில் இருந்தாக வேண்டும். சிரிப்பு அவன் பக்கத்தில் நின்று வர வேண்டும்.

தொழிற்பேட்டைக்குள் போய்ப் பார்த்தாலோ இன்னும் வேடிக்கை. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சி.என்.சி. மெஷினுக்கு ஒரு முழம் பூவும் எலுமிச்சம்பழமும். அந்த மெஷினைச் செய்தவன் எலுமிச்சம்பழத்துக்கு அதில் ஓர் இடம் விடாமல் போனது அவனுடைய அஞ்ஞானம்தான் போலும்! ஆயுத பூஜையன்று திருஷ்டி கழிப்பதற்காக நடுரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகின்ற தொழிலாளி அதில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்ளுகிறான். கம்பெனியின் திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அவன் கால் கழிந்தது. "உனக்கு ஏதோ திருஷ்டி, அதனால்தான் விழுந்தாய், ஒரு பூசணிக்காய் சுற்றிப் போடு" என்று அவனுக்குப் புத்தி சொல்ல நாலு பேர் வருகிறார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரமும் அதுவே. கம்பெனிச் சங்கு ராகுவைக் கேட்டு ஊதுவதில்லையாதலால், நம்மாள் ஏழேகாலுக்கே சாப்பாட்டுப் பையை எடுத்துப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்து, பயணம் முன்னமே தொடங்கிவிட்டதாக ராகுவுக்குக் கணக்குக் காட்டிவிட்டு, எட்டரைக்கு ஆசாமி கிளம்புகிறான். கிரகத்தையே ஏமாற்றுகின்ற இவனை ஜோசியர் ஏமாற்றுவதில் என்ன ஆச்சரியம்?

இதையெல்லாம் தொடராக்க வேண்டிய தொலைக்காட்சி என்ன செய்கின்றது? பொழுது விடிந்தால் ராசிபலன் சொல்லுகின்றது. நெற்றி நிறையப் பூசிக்கொண்ட ஒருவர், மேஷத்துக்குச் சிவப்பு, ரிஷபத்துக்கு வெள்ளை, கடகத்துக்கு எண் இரண்டு என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொல்லிக்கொண்டே போகிறார். கேபிள் தொலைக்காட்சிகளுக்காக 1994-ல் சர்க்கார் செய்த விதிகளில் ஆறாவது விதி, மூடநம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் வளர்க்கின்ற எந்த நிகழ்ச்சியையும் காட்டக்கூடாது என்று சொல்லுகின்றது. இந்த விதி இருப்பது ஜோசியருக்குத் தெரியுமோ தெரியாது. அவருக்கு நேரத்தை விற்கிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

ஆகவே சானல்காரர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். அந்தச் சிரிப்புப் பெட்டியை ராத்திரி வருகின்ற ஹாஸ்யத் தொடரிலிருந்து எடுத்து, காலையில் வருகின்ற ராசிபலனுக்கு ஒரே ஒரு வாரம் சேர்த்துப் பார்க்கட்டும். "மிதுன ராசி நேயர்கள் இன்று மேற்கே பிரயாணம் செய்யலாகாது" என்று அவர் சொல்லி முடித்ததும் வயிறு குலுங்கச் சிரிக்கும் கட்டையை அழுத்தட்டும். கதை எழுத ஆள் வேண்டாம், நடிகர் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம், அவர் இப்பொழுது பேசுகின்றபடியே பேசினால் போதும். கள்ளிக்குப்பத்திலிருந்து மேற்கே ஆவடிப் பக்கம் வேலைக்குப் போக வேண்டிய மிதுன ராசிக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள்.